பாலத்துக்கு ஒரு கோலோ

அந்தப் பேச்சு கிங்காவுக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. வடக்கு செர்பியாவில் ஒரு நகராட்சியின் வடிவமைப்பு அலுவலகத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மாடி அறை. ஜன்னலுக்கு வெளியே பெகெய் ஆறு, ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத பச்சைத் தண்ணீர். மேசைமேல் வெள்ளை அட்டையில் செய்த பாலத்தின் மாதிரி. பல்கலைக்கழகத்தின் வகுப்புகள் ஒரு கரையில், விடுதிகள் மறு கரையில். இரண்டுக்கும் நடுவே நடந்து போக ஒரு பாலம். வகுப்புக் கட்டடத்திலிருந்து ஒரு கை, நூலகத்திலிருந்து ஒரு கை எனக் கிளம்பி, ஆற்றின் நடுவே இரண்டும் ஒரு வட்டத்தில் சேர்ந்து, அங்கிருந்து ஒற்றைப் பாதையாக விடுதிக்குப் போகும். சாய்ந்து நிற்கும் ஒரே ஒரு கம்பத்திலிருந்து இறங்கும் கம்பிகள்தான் எல்லாவற்றையும் தூக்கிப் பிடித்திருந்தன.

மேசையைச் சுற்றி நான்கு பேர். பாலத்தை வரைந்த தாமியான், பெல்கிரேடிலிருந்து வந்தவர். எஃகு வேலையை எடுத்திருந்த கல்மான், எல்லைக்கு அந்தப் பக்கம் ஹங்கேரியில் பட்டறை வைத்திருப்பவர், செர்பிய மொழி வராது. பாலம் நிற்குமா என்று கணக்குப் போட வேண்டிய பெர்சிதா. நடுவில் மொழிபெயர்க்க கிங்கா. ஹங்கேரிய வீட்டுப் பெண். பள்ளிப் படிப்பு ஹங்கேரிய மொழியில், கல்லூரிப் படிப்பு செர்பியத்தில். இரண்டிலும் குறைவாகப் பேசுகிறவள்.

பெர்சிதா மாதிரியின் நடுவில் விரலை வைத்தார்.

“இந்த வட்டம் எதுக்கு?”

“பசங்க நின்னு பேசறதுக்கு,” என்றார் தாமியான். “பாலம்னா கடந்து போறதுக்கு மட்டும் இல்லையே மேடம். நடுவுல கொஞ்சம் தங்கணும், ஆத்தைப் பாக்கணும். இந்த டிசைனோட உயிரே அந்த வட்டம்தான்.”

“எந்த ஊர்ல நின்னு பேசுவாங்க?”

“புரியல.”

“நம்ம ஊர்ல பசங்களுக்கு ஒரு வட்டத்தைப் போட்டுக் குடுத்தா நின்னு பேச மாட்டாங்க. கையைக் கோத்துக்கிட்டு கோலோ ஆடுவாங்க.”

தாமியான் சிரித்தார். “ஆடட்டுமே. பாக்க அழகா இருக்கும்.”

“இருக்கும். பாலமும் கூடச் சேந்து ஆடும்.”

என்ன சிரிப்பு என்று கல்மான் கேட்க, கிங்கா ஹங்கேரிய மொழியில் சொன்னாள். கல்மான் சிரிக்கவில்லை. எத்தனை பேர் ஆடுவார்கள் என்று கேட்கச் சொன்னார்.

“வட்டம் நிறையற வரைக்கும்,” என்றார் பெர்சிதா. “நிறைஞ்சதும் அதுக்கு வெளியில இன்னொரு வட்டம்.”

“விதிப் புத்தகத்துல நடக்கறவங்களுக்குக் கணக்கு இருக்கு மேடம். ஓடறவங்களுக்கும் இருக்கு. கோலோவுக்கு எங்க இருக்கு?” என்றார் தாமியான்.

“புத்தகம் எழுதினவங்க நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு வந்ததில்ல போல.”

கல்மான் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். கிங்கா குரல் மாறாமல் அதையும் சொன்னாள்: “‘இந்தம்மா என் வேலையை வசந்தம் வரைக்கும் இழுத்தடிச்சிரும்’னு சொல்றார்.”

தன் வார்த்தைதான் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று கல்மானுக்குப் புரிந்து, காது சிவந்தது.

“அது எனக்குச் சொன்னதா?” என்று கேட்டார் பெர்சிதா.

“இல்ல மேடம். காபிக்குச் சொன்னார்.”

“அப்ப எதுக்கு எங்கிட்ட சொன்னீங்க?”

“சொன்னாரே,” என்றாள் கிங்கா.

பெர்சிதா வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அந்த அறை கேட்டு வெகு காலம் ஆகிறது என்று பிறகு கீழ்த்தளத்தில் பேசிக்கொண்டார்கள்.

பெர்சிதா சிரிக்க மாட்டார் என்பது மட்டுமல்ல, அவரைப் பற்றி ஊரில் பல கதைகள் இருந்தன. எல்லோரையும் ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவார்; அலுவலக வாசலில் படுத்திருக்கும் நாயைக்கூட ‘கொஞ்சம் நகருங்க’ என்பார். மழையோ வெயிலோ சிவப்பு ரப்பர் பூட்ஸ். கோட்டுப் பையில் எப்போதும் சூரியகாந்தி விதை. யோசிக்கும்போது கொறித்து, தோலைக் காகிதக் கூம்பில் சேர்ப்பார். நாற்காலியில் உட்காருமுன் ஒரு முறை அசைத்துப் பார்ப்பார், அது தன் வீட்டு நாற்காலியாக இருந்தாலும்.

அவர் தகப்பனார் பெகெய் ஆற்று மதகில் கதவு திறந்து மூடும் வேலை பார்த்தவர். மதகு வீட்டிலேயே பிறந்து வளர்ந்த பெர்சிதாவுக்குப் படகு தள்ளத் தெரியும், நீந்த மட்டும் தெரியாது. ‘தண்ணி எவ்வளவு ஆழம்னு தெரிஞ்ச வீட்டுல யாரும் குதிக்க மாட்டாங்க’ என்பார். படித்து முடித்து ஊருக்கே திரும்பி வந்து, கால்வாய்க்குச் சிறு பாலங்கள், பேருந்து நிழற்குடைகள், பள்ளிக்கூடக் கழிப்பறைக் கூரை என்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிவிட்டார். அவர் கட்டியது எதுவும் விழுந்ததில்லை. அதை யாரும் கவனித்ததும் இல்லை.

ஊர் கவனித்தது அவர் கல்யாணத்தை மட்டும்தான். மாப்பிள்ளை யோவிட்சா, மாண்டலின் போல மீட்டும் அந்தப் பக்கத்துத் தம்புரா வாசிப்பவர், சொந்தமாகக் குழு வைத்திருப்பவர். அவர் கல்யாணத்துக்கு ஊரில் உள்ள வாத்தியக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கோலோ சூடு பிடித்த நேரத்தில் மணப்பெண் முக்காட்டோடு எழுந்து வந்து, மண்டபத்தின் மரத்தளம் அதிர்கிறது, பாதிப் பேர் வெளியே போய் ஆடுங்கள் என்றாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அத்தை வீட்டார் நனைந்துகொண்டே ஊருக்குப் போனவர்கள், அதன் பிறகு இந்த வாசலை மிதிக்கவில்லை. மகன் பள்ளிக்கூடம் போகும் வயதில் இருவரும் பிரிந்தார்கள். சண்டை என்று பெரிதாக எதுவும் இல்லை. ‘நான் வாசிச்சா அவ எண்ணுவா. எத்தனை வருஷம் எண்ணிக்கிட்டே இருக்கிறவ பக்கத்துல வாசிக்கிறது?’ என்று யோவிட்சா கடைத்தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார். மகன் இப்போது ஆஸ்திரியாவில் கிராட்ஸில் வேலை பார்க்கிறான். ஞாயிறுதோறும் இருவருக்கும் தனித்தனியே போன் செய்வான்.

அப்படிப்பட்டவருக்கு ஐம்பது கடந்தபின் வந்து வாய்த்தது இந்தப் பாலம். இவ்வளவு அழகான ஒன்றுக்குக் கணக்குப் போட அவருக்கு இனி வாய்ப்பு வராது. அது அவருக்கே தெரியும். மாதிரியைத் தன் மேசைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். மற்றவர்கள் சாப்பிடப் போனபின் குனிந்து, கண்ணை மேசை விளிம்புக்குக் கொண்டுவந்து, அட்டைப் பாலத்தின் அடியில் பார்ப்பார். கிங்கா ஒரு முறை கதவுக்கு வெளியே நின்று அதைக் கண்டுவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனாள்.

கணக்கு அவருக்குச் சொன்னது இதுதான். நடப்பவர்கள் ஆளுக்கொரு வேகத்தில் நடப்பார்கள், ஒருவர் அடியை இன்னொருவர் அடி அழித்துவிடும். கோலோவில் அப்படி இல்லை. கூட்டம் மொத்தமும் ஒரே நொடியில் வலப்பக்கம் போகும், ஒரே நொடியில் இடப்பக்கம் வரும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல. இந்தப் பாலத்துக்கோ, மெல்லிய உடம்பு என்பதால், பக்கவாட்டில் ஆடும் இயல்பான வேகம் ஒன்று இருந்தது. அதுவும் கோலோவின் வேகமும் ஏறக்குறைய ஒன்று. அடியில் எடைப்பெட்டிகளைத் தொங்கவிட்டால் போதும். பாலம் ஒரு பக்கம் போனால் அவை மறுபக்கம் இழுத்து ஆட்டத்தை அடக்கிவிடும். ஆனால் பெட்டி செய்து பொருத்த மாதங்கள் ஆகும். அக்டோபர் முதல் நாள், கல்வியாண்டு தொடங்கும் நாளில் திறப்பு விழா என்று பல்கலைக்கழக டீன் அழைப்பிதழே அடித்துவிட்டார்.

“ஒரு போர்டு வெச்சிரலாம்,” என்றார் டீன். “கூட்டமா ஆடக் கூடாதுன்னு.”

“எச்சம் போடக் கூடாதுன்னு போர்டு வெச்சா புறா படிக்குமா?” என்று கேட்டார் பெர்சிதா.

தாமியானின் கவலை வேறு. “மேடம், படகுல போறவன் அண்ணாந்து பாத்தா அடிப்பக்கம் ஒரே கோடா தெரியணும். அதுக்குத்தான் ஒரு வருஷம் தூங்காம வரைஞ்சேன். அதுல போய்ப் பெட்டி பெட்டியாத் தொங்கவிடச் சொல்றீங்க.”

பெர்சிதா மாதிரியைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கோட்டை மேசை விளிம்பிலிருந்து அவரும் பார்த்திருக்கிறாரே.

கடைசியில் ஒரு உடன்பாடு. பாலம் முடிந்ததும் சோதனை. கோலோவுக்குத் தாங்கினால் பெர்சிதா அன்றே கையெழுத்துப் போட வேண்டும், பிறகு பெட்டிப் பேச்சே எடுக்கக் கூடாது. தாங்காவிட்டால் திறப்பு விழாவை டீன் தள்ளிப்போட வேண்டும். ‘ஆனா ஆடிக் காட்ட ஆளை நீங்கதான் கூட்டிட்டு வரணும்’ என்று டீன் சொன்னபோது, யாரும் வர மாட்டார்கள் என்று அவர் நம்பியது முகத்தில் தெரிந்தது.

செய்தி விடுதிக்குப் போய்ச் சேரும்போது, பாலத்தில் கோலோ ஆடத் தடை, தடை போட்டது அந்தச் சிவப்பு பூட்ஸ் அம்மா என்று ஆகிவிட்டது. விடுதிச் சுவரெல்லாம் சுவரொட்டி: குறுக்கே கோடு போட்ட வட்டம், அதற்குள் கையை உயர்த்தி ஆடும் ஒரு குச்சி மனுஷி, காலில் சிவப்பு பூட்ஸ். கீழே ‘கோலோ போலீஸ்’. பெர்சிதா ஒன்றைக் கிழியாமல் பிரித்து எடுத்து வந்து கிங்காவிடம் காட்டினார்.

“பூட்ஸை நல்லா வரைஞ்சிருக்காங்க. இவங்களைத்தான் கூப்பிடணும். கோபம் இருக்கிறவங்க நல்லா மிதிப்பாங்க.”

விடுதி உணவகத்தில் அவரே போய் நின்று பேசினார். பேச்சு நன்றாக அமையவில்லை. தட்டுச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை, மீதியில் கணக்கு அதிகம். பின்வரிசையில் ஒருத்தி எழுந்தாள்.

“எங்களை ஆட வேணாம்னு சொல்றீங்களா, ஆடச் சொல்றீங்களா?”

“ஒரு நாள் நல்லா ஆடச் சொல்றேன். அப்புறம் எப்பவும் ஆடலாம்.”

“பாலம் விழுந்துட்டா?”

“விழாது. ஆனா பயமா இருக்கும்.”

அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் கூட்டம் சேர்ந்தது. பயமாக இருக்கும் என்று சொன்னால் அந்த வயதில் யார் வராமல் இருப்பார்கள்?

வாத்தியத்துக்கு யோவிட்சாவைத்தான் கேட்க வேண்டும். இடறாமல் ஒரே வேகத்தில் வெகு நேரம் வாசிக்கிற குழு அந்தப் பக்கத்தில் அவருடையது ஒன்றுதான். பெர்சிதா தனியாகப் போகவில்லை, கிங்காவையும் கூட்டிக்கொண்டார். மொழிபெயர்க்க அங்கே எதுவும் இல்லை. சந்தைக்குப் பக்கத்துக் காபிக் கடையில் யோவிட்சா நண்பர்களோடு உட்கார்ந்திருந்தார்.

“என்ன பெர்சா,” என்றார். “கடையைக் காலி பண்ணிட்டு வெளியில நிக்கணுமா?”

“தரை கெட்டியா இருக்கு. உக்காருங்க.”

“பாரு, என்னையும் ‘நீங்க’ன்னு ஆரம்பிச்சுட்டா.”

“பாலத்துல வாசிக்கணும்.”

“திறப்பு விழாவுக்கா? பேஷா.”

“அதுக்கு முன்னாடி.”

“முன்னாடி யார் கேக்கப்போறாங்க?”

“பாலம்.”

நண்பர்கள் சிரித்தார்கள். யோவிட்சா சிரிக்காமல், “பாலத்துக்கு என்ன பாட்டு பிடிக்குமாம்?” என்று கேட்டார்.

பெர்சிதா கரண்டியை எடுத்து மேசை விளிம்பில் தட்டினார். ஒரே சீராக, கொஞ்சமும் முந்தாமல் பிந்தாமல். யோவிட்சா சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் விரல்களை மேசைமேல் அந்தத் தட்டோடு சேர்த்து ஓடவிட்டார். இரண்டும் ஒட்டிக்கொண்டன. கிங்கா பார்வையைத் தன் காபிக்கு மாற்றிக்கொண்டாள்.

“கொஞ்சம் வேகம் அதிகம்,” என்றார் யோவிட்சா. “பிள்ளைங்களுக்கு மூச்சு வாங்கும்.”

“வாங்கட்டும்.”

“நீ எங்க நிப்ப?”

“கீழ.”

“கீழன்னா?”

“படகுல. கணக்குப் போட்டவங்க அடியில நிக்கணும் இல்ல.”

சுமை ஏற்றிப் பார்க்கும் நாளில் கணக்குப் போட்டவர் பாலத்தின் அடியில் நிற்பது இங்கே பழைய வழக்கம்தான். இப்போது பெரும்பாலோர் கரையோரமாக நின்று படம் எடுத்துக்கொள்வதோடு சரி. வருகிறேன் என்று யோவிட்சா தலையை ஆட்டினார்.

செப்டம்பர் கடைசியில் ஒரு காலை. கரையில் பாதி ஊர் நின்றது. மணல் மூட்டைச் சோதனையைப் பாலம் முதல் நாளே சுலபமாகத் தாங்கிவிட்டதால் டீன் நல்ல மனநிலையில் இருந்தார். கல்மான் ஆட்களோடு வந்து கம்பிகளின் அடியில் நின்றார். வட்டத்தின் ஓரத்தில் தம்புராக் குழு. அவர்களுக்குப் பக்கத்தில், காரணம் யாருக்கும் தெரியாமல், கிங்கா. கீழே பெர்சிதா தட்டைப் படகை வட்டத்துக்கு நேர் அடியில் கொண்டுவந்து, கழியை ஊன்றி நிறுத்தினார். தளத்தின் அடியில் ஒட்டியிருந்த கருவியிலிருந்து ஒரு கம்பி இறங்கி அவர் மடியிலிருந்த, ஆட்டத்தை அளக்கும் பெட்டிக்கு வந்தது. அவர் கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தது.

யோவிட்சா தொடங்கினார். முதல் வட்டம் நிறைந்தது, வெளியே இரண்டாவது வட்டம் சேர்ந்தது. முதலில் ஒன்றும் இல்லை. டீன் தாமியானைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பிறகு யாரோ ஒரு பெண் அடி தவறிச் சிரித்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவனும் தவறினான். கால்கள் தரையைத் தேடத் தொடங்கின. தேடிய கால்கள் எல்லாம் பாலம் போகிற பக்கமே போய், அதை இன்னும் கொஞ்சம் தள்ளின. கைப்பிடி இடமும் வலமும் போவது கரையில் இருந்தவர்களுக்கே தெரிந்தது. கம்பிகள் முனகின. சிரிப்பு நின்றது. ஆனால் கோத்த கையை யாரும் விடவில்லை.

யோவிட்சா கைப்பிடிக்கு மேலாக எட்டிக் கீழே பார்த்தார். படகு அலையில் ஆடிக்கொண்டிருந்தது. பெர்சிதா பெட்டியைப் பார்த்துக் குனிந்திருந்தார். கை மடியில் கிடந்தது. யோவிட்சாவின் விரல் தளர்ந்தது. வேகம் ஒரு மாத்திரை குறைந்ததும் குழு மொத்தமும் அவரைப் பார்த்தது.

“நிறுத்தாதீங்க,” என்று ஒரு குரல் கேட்டது.

அது கிங்காவின் குரல் என்று அவள் வீட்டாருக்கே தெரிந்திருக்காது. அவள் யோவிட்சாவுக்கு முன்னால் போய், அவர் கண்ணுக்கும் ஆற்றுக்கும் நடுவில் நின்றாள். “அதே வேகம். அவங்க கையைத் தூக்கல. நிறுத்தாதீங்க.” டீன் கரையிலிருந்து போதும் போதும் என்று சைகை காட்டினார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. காலைத் தரையில் அடித்து, கரண்டி போட்ட அதே தாளத்தைப் போட்டாள். யோவிட்சா அவளை வெறுப்போடு பார்த்துக்கொண்டே வாசித்தார்.

பெர்சிதாவின் கை உயர்ந்தது. வாத்தியம் நின்றது. பாலம் மட்டும் இன்னும் சிறிது நேரம் ஆடிவிட்டு நின்றது.

மடியிலிருந்த பெட்டி காட்டிய ஆட்டம், இருக்கலாம் என்ற வரம்பைப் போல இரண்டு மடங்கு. திறப்பு விழா ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது. அக்டோபரிலிருந்து அதுவரை, மாணவர்கள் பழைய சுற்றுவழியில் சேற்றில் நடந்து, நடக்கும்போதெல்லாம் பெர்சிதாவைத் திட்டினார்கள். பயந்துபோனதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் செய்தார்கள். எடைப்பெட்டிகளை எங்கே வைப்பது என்று தாமியானும் பெர்சிதாவும் குளிர்காலம் முழுக்க முட்டிக்கொண்டார்கள். ‘கீழ இருந்து பாத்தேன், நிஜமாவே ஒரே கோடுதான், அழகா இருந்துச்சு’ என்று பெர்சிதா சொன்ன அன்றிலிருந்து தாமியான் அவரிடம் குரலை உயர்த்தவில்லை. வட்டத்தின் விளிம்பைச் சற்றுத் தடித்ததாக்கி, அதன் வயிற்றுக்குள்ளேயே பெட்டிகளை மறைத்துவிட்டார்கள். கல்மான் கிங்காவிடம், ‘வசந்தம்னு சொன்னேனா இல்லையா, அதையும் அந்தம்மாகிட்ட சொல்லிரு’ என்றார். அவள் சொன்னாள்.

திறப்பு விழாவில் மூன்று வட்டம் ஆடினார்கள். பாலம் அசையவில்லை. பெர்சிதா விடுதிப் பக்கத்துக் கரையில் நின்று விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

அன்று அந்தச் சத்தம் போடாத பெண் ஏன் அப்படிச் சத்தம் போட்டாள் என்று ஊரில் பலர் கேட்டுப் பார்த்தார்கள். கல் நெஞ்சக்காரி என்று யோவிட்சா வெகு காலம் சொல்லிக்கொண்டிருந்தார். கிங்கா யாருக்கும் பதில் சொன்னதில்லை. நடந்தது இவ்வளவுதான்.

சோதனையன்று காலை, கரையில் ஆள் சேருமுன், படகுத்துறையில் பெர்சிதா பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். தண்ணீரில் விழுந்தால் பூட்ஸ் நிறைந்து இழுக்கும் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். வெறுங்காலோடு படகில் ஏறி, பலகையை ஒரு முறை அசைத்துப் பார்த்து உட்கார்ந்தபின், கயிற்றைப் பிடித்திருந்த கிங்காவை அண்ணாந்து பார்த்தார்.

“யோவிட்சா நடுவுல நிறுத்திருவான்,” என்றார். “எனக்கு நீச்சல் தெரியாதுன்னு அவனுக்குத் தெரியும். எம்மேல கோபம் இருக்கு, ஆனாலும் நிறுத்திருவான். பாதியில நின்னா எனக்கு அளவு கிடைக்காது, நான் கையெழுத்துப் போட வேண்டியதாயிரும்.”

கிங்கா கயிற்றை விடாமல் நின்றாள்.

“நீங்க யார் என்ன சொன்னாலும் கூட்டாம குறைக்காம அப்படியே சொல்றவங்க. இன்னைக்கு ஒரு நாள் எனக்காகச் சொல்லுங்க. மேல அவன் பக்கத்துல நில்லுங்க. என் கை மேல வர்ற வரைக்கும் அவனை நிறுத்த விடாதீங்க. நான் கீழ இருக்கேன்னு நீங்களும் பாவம் பாக்காதீங்க.”